மழை நாளில் மட்டும் விழிக்கும் நிரல்

ஒரு புனல், ஒரு புட்டி, ஓர் அளவு ஜாடி. இவை இருந்தால் எந்தப் பள்ளியிலும் ஒரு மழைமானி அமைத்துவிடலாம். புனலின் வாயில் விழும் மழைநீர் புட்டியில் சேரும். மறுநாள் காலை 8.30 மணிக்கு அதை அளவு ஜாடியில் ஊற்றி, எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணிக்கே கணக்கெடுக்கிறது.

ஆனால் மழையை மில்லிலிட்டரில் சொல்லும் வழக்கம் இல்லை, மில்லிமீட்டரில்தான் சொல்கிறோம். ஏன்? பெரிய புனலில் அதிக நீர் சேரும். சிறிய புனலில் குறைவாகச் சேரும். நீரின் கன அளவைப் புனல் வாயின் பரப்பால் வகுத்தால் நீர் நின்றிருக்கக்கூடிய உயரம் கிடைக்கும். அதைக் கொண்டுதான் ஓர் ஊரின் மழையை இன்னோர் ஊரின் மழையோடு ஒப்பிட முடியும்.

புனலின் விட்டம் 10 செ.மீ. என்று கொள்வோம். வாயின் பரப்பு 78.54 சதுர செ.மீ. சேர்ந்த நீர் 157 மி.லி. என்றால் உயரம் 157 ÷ 78.54 = 2 செ.மீ. அதாவது 20 மி.மீ. மழை.

கணக்கு எளிதுதான். ஆனால் அவசரத்தில் ஒருவர் விட்டத்தையே ஆரமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பரப்பு நான்கு மடங்காகிவிடும்; 20 மி.மீ. மழை 5 மி.மீ. ஆகிவிடும்! நூறு பள்ளிகள் தனித்தனியே கணக்கிட்டால் இப்படிப் பல பிழைகள் புகலாம். ஒரே ஒரு சரியான நிரலை எல்லாரும் கேட்டுப் பெறும்படி இணையத்தில் வைத்துவிட்டால்? அப்படி ஒரு சேவையை அமைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏ.பி.ஐ. என்றால் என்ன?

உணவு விடுதியில் நாம் சமையலறைக்குள் போவதில்லை. விலைப்பட்டியலைப் பார்த்து, "இரண்டு இட்லி" என்கிறோம். சர்வர் கொண்டுவந்து வைக்கிறார். உள்ளே அடுப்பு விறகில் எரிகிறதா, வாயுவில் எரிகிறதா என்பது நமக்குத் தேவையில்லை. எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கவேண்டும், என்ன கிடைக்கும் என்பது தெரிந்தால் போதும்.

ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் உதவி கேட்பதற்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அதுவே ஏ.பி.ஐ. நமது மழை ஏ.பி.ஐ.க்கு ஓர் இணைய முகவரி இருக்கும். அந்த முகவரியின் இறுதியில் 'விட்டம் 10, நீர் 157' என்ற இரண்டு விவரங்களைச் சேர்த்து அனுப்பினால், 'மழை 20.0 மி.மீ.' என்று விடை வரவேண்டும். விடை வரும் எழுத்து வடிவத்திற்கு ஜேசன் என்று பெயர். பெயரும் மதிப்பும் இணை இணையாக எழுதப்படுவதால் எந்தக் கணிப்பொறி மொழியாலும் அதைப் படிக்க முடியும்.

சர்வர் எங்கே போயிற்று?

இணையத்தில் கேட்டதைக் கொடுக்கும் கணிப்பொறிக்கும் சர்வர் என்றுதான் பெயர். இரவும் பகலும் அது விழித்திருக்க வேண்டும். மின்சாரம், வாடகை, பழுது பார்த்தல், பாதுகாப்புக்காக அவ்வப்போது மென்பொருளைப் புதுப்பித்தல் என்று ஓயாத வேலை.

நம் மழைச் சேவையை எண்ணிப் பாருங்கள். கோடையில் வாரக்கணக்கில் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் நன்றாகப் பெய்தால், மறுநாள் காலை 8.30 மணிக்கு எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் கேட்கும். சிறிய சர்வர் வைத்தால் மழை நாளில் திணறும். பெரியது வைத்தால் வெயில் நாளெல்லாம் வாடகை வீண்.

முன்பு நம் ஊர்களில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருந்தன. தேவைப்படும்போது எடுத்தோம், ஓட்டிய நேரத்திற்குக் காசு கொடுத்தோம். பஞ்சர் ஒட்டுவது கடைக்காரர் பாடு. கணிப்பொறியையும் இப்படி வாடகைக்கு எடுக்கும் முறைதான் சர்வர்லெஸ். 'சர்வர் இல்லாத' என்று பொருள்பட்டாலும், சர்வர் இல்லாமல் போய்விடுவதில்லை. அதைக் கட்டிக் காக்கும் பொறுப்புதான் நம்மிடம் இல்லை.

அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் லாம்டா என்ற சேவையை அறிவித்தது. நிரலை மட்டும் கொடுத்துவிட்டால் போதும். அழைப்பு வரும்போது அது இயங்கும். 2015 ஜூலையில் ஏ.பி.ஐ. கேட்வே என்ற வாயில் சேவையும் வந்தது. மைக்ரோசாஃப்ட், கூகுள், கிளவுட்ஃபிளேர் ஆகிய நிறுவனங்களும் இத்தகைய சேவைகளைத் தருகின்றன. நாம் லாம்டாவையே எடுத்துக்கொள்வோம்.

உள்ளே நடப்பது என்ன?

ஒரு பள்ளியிலிருந்து கேள்வி புறப்படுகிறது. முதலில் அது ஏ.பி.ஐ. கேட்வேக்கு வந்து சேர்கிறது. கேட்வே அதை ஒரு நிகழ்வுக் குறிப்பாக மாற்றி லாம்டாவிடம் கொடுக்கிறது. நம் நிரலை இயக்கத் தயாரான அறை ஏதேனும் சும்மா இருக்கிறதா என்று லாம்டா பார்க்கிறது. இல்லையென்றால் புதிதாக ஓர் அறையைத் திறந்து, நிரலை அதில் ஏற்றி இயக்குகிறது.

'அறை' என்று நாம் சொல்வது ஒரு பெரிய கணிப்பொறிக்குள் தடுத்து அமைக்கப்பட்ட, சிறிய தனிக் கணிப்பொறி போன்ற ஏற்பாடு. இதற்கென அமேசான் உருவாக்கிய ஃபயர்கிராக்கர் என்ற மென்பொருள் 2018 நவம்பரில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. அது 125 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் ஓர் அறையை எழுப்பிவிடும். அதன்பின் நிரலையும் ஏற்றவேண்டும் அல்லவா? அதனால் முதல் கேள்விக்கு மட்டும் விடை சற்றுத் தாமதமாக வரும். பனிக்காலக் காலையில் மோட்டார் சைக்கிள் முதல் உதையில் கிளம்பத் தயங்குவது போலத்தான். இதைக் கோல்டு ஸ்டார்ட் என்பார்கள்.

விடை கொடுத்த பிறகு அறை சிறிது நேரம் உறைந்த நிலையில் காத்திருக்கும். வேறு கேள்வி வந்தால் உடனே பயன்படும். வராவிட்டால் கலைக்கப்பட்டுவிடும். வழக்கமான லாம்டா முறையில் ஓர் அறை ஒரு நேரத்தில் ஒரு கேள்வியைத்தான் கவனிக்கும். ஒரே கணத்தில் நாற்பது கேள்விகள் வந்தால், நம் கணக்கிற்குள்ள வரம்பிற்கு உட்பட்டு, நாற்பது அறைகள் வரை திறக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமைக்கும் முறை

பைத்தான் மொழியும், டாக்கர் என்ற மென்பொருளும், சாம் என்ற கருவியும் கணிப்பொறியில் இருக்கவேண்டும். மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. சாம் என்பதை எஸ், ஏ, எம் என்று மூன்று ஆங்கில எழுத்துகளாகத் தட்டச்சு செய்யவேண்டும். கீழே வரும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்துகளிலேயே கொடுக்கவேண்டும்.

1. சாம் இனிட். இது புதிய திட்டத்தைத் தொடங்கும் கட்டளை. ஆயத்த மாதிரிகளிலிருந்து 'ஹலோ வேர்ல்டு' என்பதையும், மொழியாகப் பைத்தானையும் தேர்ந்தெடுங்கள். ஒரு கோப்புறை உருவாகும். அதில் இரண்டு கோப்புகள் முக்கியமானவை. 'ஆப்' என்ற பைத்தான் கோப்பில் நிரல் இருக்கும். 'டெம்ப்ளேட்' என்ற யாமல் கோப்பில், என்னென்ன தேவை என்ற பட்டியல் இருக்கும். எந்த முகவரியில் கேள்வி வரும், எந்த நிரல் இயங்கும், எத்தனை விநாடி வரை காத்திருக்கலாம் என்பன அதில் அடங்கும். வீடு கட்டுமுன் வரையும் வரைபடம் போன்றது இது.

2. நிரல் எழுதுதல். மாதிரி நிரலில் உள்ள வாழ்த்துச் செய்தியை நீக்கிவிட்டு, கீழ்க்கண்ட படிகளைப் பைத்தானில் எழுதுங்கள்.

அ) நிகழ்வுக் குறிப்பிலிருந்து விட்டத்தையும் நீரின் அளவையும் எடு.
ஆ) அவை இல்லாவிட்டால் 400 என்ற எண்ணுடன் 'விவரம் போதாது' என்று விடை அனுப்பி நிறுத்து.
இ) இரண்டையும் எண்களாக மாற்று. மாற்ற முடியாவிட்டால் 400 அனுப்பி நிறுத்து.
ஈ) விட்டம் பூச்சியமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தாலும், நீர் பூச்சியத்திற்குக் குறைவாக இருந்தாலும் 400 அனுப்பி நிறுத்து.
உ) பரப்பு = 3.1416 × விட்டம் × விட்டம் ÷ 4.
ஊ) மழை = 10 × நீர் ÷ பரப்பு.
எ) 200 என்ற எண்ணுடன் மழை அளவை ஜேசன் வடிவில் அனுப்பு.

200 என்பது 'எல்லாம் சரி' என்பதற்கும், 400 என்பது 'கேட்டவிதம் தவறு' என்பதற்கும் இணையத்தில் வழங்கும் குறியீடுகள்.

(இ) படி எதற்கு என்று கேட்கலாம். இணைய முகவரியோடு வருவதெல்லாம் எழுத்துகளே. '157' என்பது நம் கண்ணுக்கு எண்ணாகத் தெரிந்தாலும் நிரலுக்கு ஒன்று, ஐந்து, ஏழு என்ற மூன்று எழுத்துகள்தான். எண்ணாக மாற்றாமல் அதைப் பைத்தானில் 10ஆல் பெருக்கினால் 1570 வராது. 157157157... என்று பத்து முறை எழுதிவிடும்!

3. சாம் பில்ட். நிரலையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒன்றாகக் கட்டும் கட்டளை.

4. சாம் லோக்கல் ஸ்டார்ட் ஏ.பி.ஐ. இதைக் கொடுத்தால் டாக்கரின் துணையோடு நம் கணிப்பொறியே சிறிய லாம்டாவாக மாறி, 3000 என்ற எண்ணுள்ள வாயிலில் கேள்விக்குக் காத்திருக்கும். உலாவியைத் திறந்து 10, 157 கொடுத்துப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே விட்டம் 0 கொடுங்கள், எழுத்துகளைக் கொடுங்கள், ஒன்றும் கொடுக்காமல் விடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒழுங்கான விடை வருகிறதா என்று பாருங்கள்.

இதுவரை எந்தக் கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. ஒரு காசும் செலவில்லை. அடுத்த படிக்கு அமேசானில் கணக்கு வேண்டும். அதற்கு வங்கி அட்டையின் விவரம் கேட்கப்படும். ஆகவே, அதைப் பெற்றோரோ ஆசிரியரோ தொடங்கி, உடனிருந்து நடத்தவேண்டும்.

5. சாம் டிப்ளாய் கைடெட். இது திட்டத்தை இணையத்தில் ஏற்றும் கட்டளை. இது சில கேள்விகள் கேட்கும். எந்த இடத்திலுள்ள கணிப்பொறிகளில் ஏற்றவேண்டும் என்பது ஒன்று. மும்பையிலும் ஐதராபாத்திலும் அமேசானின் கணிப்பொறி நிலையங்கள் உள்ளன. அருகில் உள்ளதைத் தேர்ந்தால் விடை விரைந்து வரும். 'இந்தச் சேவைக்கு அடையாளச் சோதனை எதுவும் இல்லை, சம்மதமா?' என்பது இன்னொன்று. அதாவது, உலகில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெறும் கணக்குப் போடும் சேவைக்கு இது சரி. சற்று நேரத்தில் திரையில் ஒரு முகவரி தோன்றும். அதுவே நம் ஏ.பி.ஐ.யின் முகவரி.

நினைவில்லாத ஊழியர்கள்

இனித்தான் முக்கியமான பகுதி. கணக்குப் போட்டுத் தந்தால் மட்டும் போதுமா? மாவட்டத்தில் இன்று எத்தனை பள்ளிகள் மழை அளவு அனுப்பின, மொத்தம் எவ்வளவு என்றும் சொல்லலாமே! நிரலில் 'எண்ணிக்கை' என்று ஒரு பெயர் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று கூட்டினால் ஆயிற்று என்று தோன்றும். ஒரே அறை தொடர்ந்து இயங்கினால் 1, 2, 3 என்று ஒழுங்காகவே ஏறக்கூடும். இணையத்தில் ஏற்றினால் கணக்கு கெட்டுப்போகும்.

ஏன் என்று அறிய வகுப்பில் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். மூன்று மாணவர்கள் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்காரட்டும். ஒருவர் சிலேட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. இருபது பேர் வந்து, யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் "மழை பெய்தது" என்று சொல்லட்டும். கேட்டவர் தம் சிலேட்டில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். நடுவே ஆசிரியர் ஒருவரை வெளியே அனுப்பி, வெற்றுச் சிலேட்டுடன் வேறொருவரை உட்கார வைக்கட்டும். இறுதியில் "மொத்தம் எத்தனை?" என்று மூவரையும் கேளுங்கள். மூன்று விடைகள் வரும். மூன்றும் தவறாக இருக்கும். போனவர் சிலேட்டில் இருந்த எண்ணிக்கை போனதுதான்.

லாம்டாவின் அறைகளும் இப்படித்தான். எந்தக் கேள்வி எந்த அறைக்குப் போகும், எந்த அறை எப்போது கலையும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே சர்வர்லெஸ் நிரல் எதையும் தன் நினைவில் வைத்திருப்பதாக எண்ணி எழுதக்கூடாது. நினைவில் வைக்கவேண்டியதை எல்லா அறைகளுக்கும் பொதுவான ஒரு பேரேட்டில் எழுதவேண்டும். டைனமோ டி.பி. போன்ற தரவுத்தளங்கள் அத்தகைய பேரேடுகள்.

பேரேடு வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? இன்னும் ஒன்று உண்டு. மழை நாளில் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஒரு பள்ளி 20 மி.மீ. என்று அனுப்புகிறது. பேரேட்டில் பதிவாகிவிடுகிறது. ஆனால் 'பதிவாயிற்று' என்ற விடை திரும்பி வருமுன் இணைப்பு போய்விடுகிறது. அனுப்பியவர் என்ன செய்வார்? மறுபடி அனுப்புவார். இப்போது அந்தப் பள்ளியில் 40 மி.மீ. மழை பெய்ததாகக் கணக்கு காட்டும்! யார்மீதும் தவறில்லை, கணக்கு மட்டும் தவறு.

இதற்கு வழி எளியது. 'இருக்கும் மொத்தத்தோடு 20 கூட்டு' என்று எழுதாமல், 'இந்தப் பள்ளி, இந்தத் தேதி, 20' என்று எழுதவேண்டும். பள்ளி எண்ணும் தேதியும் சேர்ந்ததே அந்தப் பதிவின் அடையாளம். அதே அடையாளத்துடன் பத்து முறை வந்தாலும் ஒரே வரியின் மேல்தான் எழுதப்படும். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவருக்கு ஒரு நாளில் ஒரு கட்டம்தானே? அதே முறைதான். மொத்தம் தேவைப்படும்போது பேரேட்டின் வரிகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

பதிவு செய்யத் தொடங்கியதும், முன்பு கேட்ட 'அடையாளச் சோதனை' கேள்வியையும் மறுபடி சிந்திக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால், பெய்யாத மழையையும் ஒருவர் பதிந்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் தனி அனுமதி தேவை.

செலவும் எச்சரிக்கையும்

லாம்டாவுக்குக் கட்டணம் இரண்டு வகையில் கணக்கிடப்படுகிறது. எத்தனை அழைப்புகள் என்பது ஒன்று. எவ்வளவு நினைவகம் எவ்வளவு நேரம் பயன்பட்டது என்பது மற்றொன்று. ஒரு ஜிகாபைட் நினைவகம் ஒரு விநாடி பயன்பட்டால் அது ஒரு ஜிகாபைட் விநாடி. மாதந்தோறும் 10 லட்சம் அழைப்புகளும் 4 லட்சம் ஜிகாபைட் விநாடிகளும் இலவசம்.

நம் நிரலுக்கு 128 மெகாபைட், அதாவது ஒரு ஜிகாபைட்டில் எட்டில் ஒரு பங்கு போதும். ஒரு கேள்விக்கு 0.1 விநாடி ஆவதாகக் கொள்வோம். மாதம் ஒரு லட்சம் கேள்விகள் வந்தால் 1,00,000 × 0.1 × 0.125 = 1,250 ஜிகாபைட் விநாடி. இலவச எல்லைக்கு வெகு கீழே! ஆனால் கேட்வேக்கும் தரவுத்தளத்திற்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. எனவே மூன்று எச்சரிக்கைகள்:

முதலாவது, செலவு இவ்வளவைத் தாண்டினால் அஞ்சல் அனுப்பும்படி முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். அந்த அஞ்சல் எச்சரிக்கை மட்டுமே. அது தானாகச் சேவையை நிறுத்திவிடாது. கேட்வேயில் விநாடிக்கு இத்தனை கேள்விகள் என்ற வரம்பையும் வையுங்கள்.

இரண்டாவது, கணக்கின் இரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதாதீர்கள். பலர் பார்க்கும் தளத்தில் நிரலைப் பகிர்ந்தால் சாவியும் கூடவே போய்விடும். பிறர் அதைக் கொண்டு உங்கள் செலவில் கணிப்பொறிகளை ஓட்டலாம்.

மூன்றாவது, சோதனை முடிந்ததும் 'சாம் டிலீட்' கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். வரைபடத்தைக் கொண்டு கட்டியது என்பதால் மறுபடி கட்டுவது எளிது.

எல்லாவற்றிற்கும் ஏற்றதா?

இல்லை. நாள்தோறும் பத்து மைல் போகிறவர் மணி வாடகைக்குச் சைக்கிள் எடுப்பாரா? சொந்தமாக வாங்கிவிடுவதே இலாபம். இரவும் பகலும் ஓயாமல் கேள்வி வரும் சேவைக்குச் சொந்த சர்வரோ மாத வாடகை சர்வரோ சிக்கனமாக இருக்கக்கூடும். மேலும் ஒரு லாம்டா அழைப்பு 15 நிமிடத்திற்கு மேல் ஓட முடியாது. மணிக்கணக்கில் நடக்கும் கணக்கீட்டிற்கு அது பொருந்தாது. திடீரென்று பெருகி, பிறகு வற்றிப்போகும் வேலைக்குத்தான் அது நன்கு பொருந்தும். மழைக்காலக் காட்டாற்றைப் போல!

செய்து பாருங்கள்

1. வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதைக் கனமழை என்றும், 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை என்றும், 204.5 முதல் அதி கனமழை என்றும் வகைப்படுத்துகிறது. இவ்வகையையும் விடையில் சேர்க்கும்படி நிரலை மாற்றுங்கள்.

2. 14 செ.மீ. விட்டமுள்ள புனலில் ஒரு லிட்டர் நீர் சேர்ந்தது. இது எந்த வகை மழை? முதலில் தாளில் கணக்கிட்டு, பிறகு உங்கள் ஏ.பி.ஐ.யைக் கேளுங்கள்.

3. மழை 115.56 மி.மீ. என்று கணக்கில் வந்தால் எந்த வகையில் சேர்ப்பீர்கள்? முதலில் ஒரு தசம இடத்திற்குத் திருத்தவேண்டுமா, முதலில் வகைப்படுத்தவேண்டுமா?

4. ஒரு பள்ளி காலையில் 20 என்று தவறாக அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு 30 என்று திருத்தி அனுப்புகிறது. பழைய 20 தாமதமாக மறுபடி வந்து சேர்ந்தால் பேரேட்டில் எது நிற்கும்? 30 நிற்கவேண்டுமானால் பதிவோடு வேறு எதையும் சேர்த்து எழுதவேண்டும்? நண்பர்களோடு விவாதியுங்கள்.